ரிவர்ஸ் விசில்

ஜனவரி 4

இந்த டைரி தேங்காய் மண்டிக்காரர் கொடுத்தது. வருசா வருசம் கொடுப்பார். நான் பால் கணக்கு எழுத ஆரம்பித்து மாசி வருவதற்குள் மறந்துவிடுவேன். இந்த முறை மறக்க முடியாது, டாக்டரம்மா உத்தரவு. "எப்ப மருந்து ஆவி புடிச்சார், சளி என்ன நிறம், மூச்சு எப்படி இருந்துச்சு, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைங்கம்மா" என்றார். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். இப்போது சளியின் நிறத்தை எழுதப் போகிறேன்.

நேற்று கோயமுத்தூரிலிருந்து வீட்டுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் ஆறுச்சாமி பொள்ளாச்சி–வால்பாறை வண்டியில் கண்டக்டர். ஆடியில் வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, வாய் வழியாகக் குழாய் விட்டு, வாரக்கணக்கில் மெஷினில் வைத்துத்தான் உயிரைப் பிடித்தார்கள். பிடித்த உயிரை வீட்டுக்குக் கூட்டி வந்தால், மூச்சு இழுக்கும்போதெல்லாம் கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு சத்தம். ஆஸ்துமா என்று சொல்லி ஒருவர் உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். புரட்டாசி முழுக்க உறிஞ்சினார். அது ஆஸ்துமாவே இல்லை. குழாய் அழுத்திய இடத்தில் மூச்சுக்குழாய் புண்ணாகி, புண் ஆறி, ஆறிய தழும்பு சுருங்கி, கட்டைவிரல் நுழைகிற வழி இளநீர் உறிஞ்சுகிற ஸ்ட்ரா அளவுக்கு ஆகிவிட்டதாம். பலூன் விட்டு விரித்தார்கள், மறுபடி சுருங்கியது. வெட்டி ஒட்டலாம் என்றால் சுருக்கம் நீளம், அவர் இதயமும் தாங்காது. கழுத்தில் துளை போடலாம் என்றால் சுருக்கம் அதற்கும் கீழே, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது. கடைசியில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

"கம்பி வலையில செஞ்ச குழாய்மா. மேல சிலிக்கான் உறை போட்டிருக்கும். வெறும் வலையா இருந்தா ஓட்டை வழியா சதை உள்ள வளர்ந்துடும். உறை இருந்தா வளராது, வேணும்னா பின்னாடி கழட்டவும் செய்யலாம்" என்றார் டாக்டரம்மா.

"அப்ப எனக்கு உள்ளாற ஒரு ரெயின்கோட்டுங்" என்றார் இவர், கரகரத்த குரலில். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

அடுத்து அவர் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. உறை போட்ட இடத்தில் சளி தானாக மேலே ஏறி வராதாம். அங்கேயே ஒட்டி, காய்ந்து, அடைத்துக்கொள்ளும். அதனால் நெபுலைசரில் உப்புத்தண்ணீர் மருந்து ஊற்றி, நேரம் தவறாமல் ஆவி கொடுக்க வேண்டும். குழாயின் இரண்டு முனையிலும் சதை வளரலாம், குழாய் வழுக்கவும் செய்யலாம்.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் கேட்டது ஒன்றே ஒன்று. "பங்குனிக்குள்ள டூட்டிக்குப் போயர்லாமா மரகதம்?"

போயிரலாம் என்றேன்.

ஜனவரி 6

ஆவி நேரத்துக்குக் கொடுத்தாயிற்று. சளி வெள்ளை. இட்லி மாவு புளித்துவிட்டது, பணியாரம் ஊற்றினேன்.

ஜனவரி 9

நஞ்சப்பன் அண்ணன் வந்தார். அவர்தான் இவர் வண்டி டிரைவர். என்னைத் தங்கச்சி முறையில் அம்மிணி என்பார், இவரும் அவரும் ஒருவரையொருவர் மாப்ள என்பார்கள். ரத்த சொந்தம் ஒன்றும் கிடையாது, கூப்பிட்டுக் கூப்பிட்டே வந்த சொந்தம்.

இவருக்குக் குரல் ஏறுவதில்லை. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும், சமையற்கட்டுக்கு எட்டாது. நான் மிக்ஸி போட்டுவிட்டால் முன்னறையில் இடி விழுந்தாலும் தெரியாது. அதைச் சொன்னதும் அண்ணன் ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டைப் பையில் கையை விட்டு விசிலை எடுத்தார்.

"ஏம் மாப்ள, கத்த முடியலீன்னா என்ன? இது எதுக்கு இருக்குது?"

இவர் வாயில் வைத்து ஊதினார். சன்னமாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. முன்பல் பாதி உடைந்தவர் என்பதால் இவர் விசில் முடிகிற இடத்தில் விக்கல் மாதிரி ஒரு சின்ன இழுப்பு இருக்கும். அந்த இழுப்பும் வந்தது. எனக்குக் கண் கலங்கியது, வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன்.

"அம்மிணி, இனி விசிலு கேட்டா நீ அங்கயே சடன் பிரேக் போட்டு இங்க வரோணும்" என்றார் அண்ணன்.

"நான் என்ன பஸ்ஸாங்ணா?" என்றேன். ரெண்டு பேரும் சிரித்தார்கள். இவர் சிரித்து இருமினார்.

ஜனவரி 14

பொங்கல். வாசலில் விறகு மூட்டவில்லை, புகை ஆகாது. கேஸ் அடுப்பிலேயே பானை. பால் பொங்கி வழியும்போது 'பொங்கலோ பொங்கல்' சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் முன்னறையிலிருந்து விசில். மகள் சுகந்தி உடுமலையிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா விசிலா அது?" என்று அவள் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

நல்ல நாள். எழுதி வைக்கிறேன், பின்னால் படித்துப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 18

விசிலைக் கொடுத்த நஞ்சண்ணனை நான் சும்மா விடப்போவதில்லை. பேப்பருக்கு விசில். ஃபேனுக்கு விசில். கண்ணாடியைக் காணோம் என்று விசில், ஓடிப்போய்ப் பார்த்தால் கண்ணாடி நெற்றியில் இருக்கிறது. குழம்பைத் தாளித்துவிட்டு ஓடி, வந்து பார்த்தால் கடுகு கருகிக் கிடக்கிறது. வேலை முடிந்து நான் நகர்ந்தால் ரெண்டு விசில். 'போலாம் ரைட்' என்று அர்த்தமாம்.

"ஒரு நாளைக்கு அந்த விசில எடுத்துக் கெணத்துல போட்டர்றேன் பாருங்க" என்றேன்.

"உள்ள போங்க, உள்ள போங்க, பின்னால எடம் இருக்குது" என்றார். மூச்சைப் பார்த்துச் சொல்கிறாராம். மூச்சு இழுக்கும்போதெல்லாம் அதையே சொல்லிக்கொள்கிறார்.

சளி கொஞ்சம் மஞ்சள்.

ஜனவரி 25

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். இவர் மூச்சில் நாற்றம் வருகிறது. உறைக்குள் சளி தங்கினால் அப்படி ஆகும் என்று டாக்டரம்மா முன்பே சொன்னார். இன்று முகத்தைத் துடைத்துவிட்டபோது என்னை அறியாமல் தலையைத் திருப்பிக்கொண்டேன். இவர் பார்த்துவிட்டார். அப்புறம் நான் பக்கத்தில் போனாலே துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொள்கிறார்.

துண்டைப் பிடுங்கினேன். "என்ற புருசன் மூச்சு எனக்கு நாறாது" என்றேன். பொய். நாறுகிறது. ஆனாலும் அந்த மூச்சு எனக்கு வேண்டும்.

பிப்ரவரி 2

இன்று என்ன அதிசயமோ, காலை ஆவிக்கு அப்புறம் ஒரு விசில் கூட இல்லை. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, இப்போது அசந்திருப்பார். நானும் தொந்தரவு செய்யவில்லை. ரொம்ப நாள் கழித்து நிதானமாக ஒரு குழம்பு வைத்தேன், கடுகு கருகாமல். துணி அலசிப் போட்டேன். தலைக்கு எண்ணெய் வைத்தேன். வீடு அமைதியாக இருப்பது எவ்வளவு சுகம் என்பதே மறந்துவிட்டிருந்தது. சமையற்கட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

வாசலில் நஞ்சண்ணன் பைக் சத்தம். போய்க் கதவைத் திறக்க வேண்டும்.

பிப்ரவரி 6

அன்று இவர் தூங்கவில்லை.

நான் கதவைத் திறப்பதற்குள் அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கதவை உதைத்தார். இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விசில் வாயில் இருந்தது. கன்னம் உப்பி உப்பி இறங்கியது. சத்தம் இல்லை, உதடு நாவல்பழ நிறம். ஊதிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். சளி குழாயை அடைத்துவிட்டது, விசிலுக்குக் கொடுக்கக் காற்று இல்லை.

ஆம்புலன்ஸ், ஆக்சிஜன், கோயமுத்தூர். டாக்டரம்மா உள்ளே குழாய் விட்டு ஒரு கட்டிச் சளியை உறிஞ்சி எடுத்தார். ரப்பர் துண்டு மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மூச்சு முட்டினால் கூப்பிட, மூச்சால் ஊதுகிற விசிலைக் கொடுத்திருக்கிறோம். நானும் அண்ணனும் சேர்ந்து, சிரித்துக்கொண்டே. உலகத்தில் யாராவது இப்படிச் செய்வார்களா?

அன்று எண்ணெய் வைத்த தலையை இன்னும் நான் சீவவில்லை.

பிப்ரவரி 9

வீட்டுக்கு வந்துவிட்டோம். சுகந்தி வயர் இல்லாத காலிங் பெல் ஒன்று வாங்கி வந்தாள். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அமுக்கக் கைக்குச் சத்தில்லீன்னா? அப்பவும் சத்தம் வராது. நான் தூங்கறேன்னு இவ நெனச்சுக்குவா."

அப்புறம் நஞ்சண்ணனைப் பார்த்து, "சொல்லு மாப்ள. மலையில எப்புடி?" என்றார்.

அண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்கு விளக்கினார். கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்து சிக்கினால் பஸ்ஸைப் பின்னால் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். கண்டக்டர் இறங்கிப் பின்னால் நின்று விசில் அடித்துக்கொண்டே இருப்பார். விசில் கேட்கிற வரைக்கும் டிரைவர் தைரியமாகப் பின்னால் வரலாம். விசில் நின்றால் உடனே பிரேக். ஏன் எதற்கென்று கேட்கக் கூடாது. கண்டக்டர் தடுக்கி விழுந்திருக்கலாம், மண் சரிந்திருக்கலாம், எதுவானாலும் சத்தம் இல்லையென்றால் ஆபத்து.

"கண்ணாடிய நான் என்னைக்கும் நம்புனதில்ல அம்மிணி. மேக மூட்டத்துல கண்ணாடியில என்ன தெரியும்? மாப்ள விசில நம்பித்தான் பஸ்ஸு நெறையாச் சனத்த வெச்சுட்டுப் பின்னால வந்திருக்கறேன்."

"அதேதான்" என்றார் இவர். "இனி வேணுங்கறப்ப ஊத மாட்டேன். நல்லா இருக்கறப்ப ஊதறேன். சித்தெ நேரத்துக்கு ஒருக்கா ஊதிட்டே இருப்பேன். சத்தம் நின்னுதுன்னா நீ வா."

பிப்ரவரி 13

ஊதுகிறார். நான் அரிசி களைகிறேன், ஊதுகிறார். கறிவேப்பிலை உருவுகிறேன், ஊதுகிறார். பக்கத்து வீட்டு ரத்தினாக்கா வந்து, "ஏ மரகதம், உங்க ஊட்டுக்குள்ள பஸ் ஸ்டாண்டு வந்திருச்சா? எங்க பேரன் படிக்க முடியலீங்கறான்" என்றாள். காரணத்தைச் சொன்னேன். முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அப்போது ஒரு விசில். "ஊதட்டும், ஊதட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் ஒரு சீப்பு பூவம்பழம் கொடுத்தனுப்பினாள்.

முன்பு சத்தம் கேட்டால் எரிச்சல் வரும். இப்போது சத்தம் கேட்டால்தான் என் கை வேலை செய்கிறது.

பிப்ரவரி 21

சளி வெள்ளை. மூச்சு பரவாயில்லை. விசிலைக் கேட்டே இவர் மனசை என்னால் சொல்ல முடிகிறது. பேப்பர் படித்துக்கொண்டு ஊதினால் அலட்சியமாக வரும். கோபமென்றால் வெட்டினாற்போல வரும். எப்படி வந்தாலும் கடைசியில் அந்த உடைந்த பல் இழுப்பு இருக்கும்.

மார்ச் 5

செக்கப். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். குழாயின் கீழ் முனையில் சதை வளர்ந்திருக்கிறது. உறை போட்ட இடத்தில் வளர முடியாத சதை, உறை முடிகிற இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. சுட்டு எடுத்தார்கள். சதைக்கும் பிடிவாதம் இருக்கிறது.

பங்குனி டூட்டி பற்றி இவர் கேட்கவில்லை. டெப்போவில் இருந்து போன் வந்தது, நான்தான் எடுத்தேன். லீவை நீட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

மார்ச் 16

ஸ்டென்ட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். கழற்றிய இடம் நிற்கவில்லை. மூச்சுக்குழாய் ஈரத் துணி மாதிரி ஒட்டிக்கொள்கிறதாம். வேறு ஒன்று, கொஞ்சம் நீளமானதாக வைத்திருக்கிறார்கள். இதுவும் உறை போட்டதுதான்.

"புது ரெயின்கோட்டு" என்றேன், சிரிக்க வைக்கலாமென்று.

"மழை நிக்கற மாதிரி தெரியல மரகதம்" என்றார்.

மார்ச் 17

ஆஸ்பத்திரி கேன்டீனில் தோசை. பச்சை மாவு. பாதியை வைத்துவிட்டேன்.

மார்ச் 28

ஆனைமலை மாசாணியம்மன் கோவிலுக்குப் போனேன். சுகந்தி அப்பாவிடம் இருந்தாள். மிளகாய் அரைத்துப் பூசினால் அம்மன் நியாயம் கேட்பாள் என்பார்கள். எல்லோரும் அரைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து அரைத்தேன். அரைக்கும்போது, அநியாயம் செய்தவர் பெயரைச் சொல்லி முறையிட வேண்டும். பக்கத்தில் ஒரு பெண் தன் கொழுந்தனார் பெயரைச் சொல்லிச் சொல்லி அரைத்தாள். எனக்குச் சொல்வதற்குப் பெயர் கிடைக்கவில்லை. குழாய் விட்ட டாக்டர் உயிரைக் காப்பாற்றத்தான் விட்டார். ஆஸ்துமா என்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தத் தழும்புக்குக்கூட, புண்ணை ஆற்றுகிற வேலையைத் தவிர வேறென்ன தெரியும்? மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். கடைசியில் "நீயே பார்த்துக்கோ ஆத்தா" என்று பூசிவிட்டு வந்தேன்.

மிளகாய் நெடி இவருக்கு ஆகாது என்று ரத்தினாக்கா வீட்டில் மோர் விட்டுக் கை கழுவி, குளித்து, சேலை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். அப்படியும் தும்மினார்.

ஏப்ரல் 5

கோயமுத்தூர். டாக்டரம்மா என்னையும் சுகந்தியையும் தனி அறையில் உட்கார வைத்துப் பேசினார். ரொம்ப நேரம் பேசினார். படம் காட்டினார். கீழே மூச்சுக்குழாய் ரெண்டாகப் பிரிகிற இடம், அங்கேயும் சதை. அந்த அறையில் ஏசி அதிகம். மேசையில் ஒரு சின்னப் பிள்ளையார், மேலே தூசி படிந்திருந்தது, துடைக்க ஆளில்லை போல. சுகந்தி எதற்கோ அழுதாள்.

வீட்டுக்கே கூட்டிப் போகலாம் என்று சொல்லிவிட்டார். நல்லதாயிற்று. ஆஸ்பத்திரிச் சாப்பாடு இவருக்குப் பிடிக்காது.

ஏப்ரல் 7

புதிதாக ஒரு மருந்து கொடுத்திருக்கிறார்கள், நாக்கில் விடுவது. மூச்சு முட்டுவது அவ்வளவாகத் தெரியாதாம். விட்டால் கொஞ்சம் அசந்துவிடுகிறார். ஆவியும் நிறுத்தவில்லை. எதையும் நிறுத்தச் சொல்லி என்னிடம் யாரும் சொல்லவில்லை.

சுகந்தி பெரிய பெட்டியோடு வந்திருக்கிறாள். எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டால், "இருக்கறம்மா" என்கிறாள். நஞ்சண்ணன் நீள லீவு போட்டுவிட்டார். ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வேறு ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். கல்யாணத்துக்குக்கூட வராதவர்கள் ஆப்பிளோடு வருகிறார்கள். எதற்கு வருகிறார்கள் என்றே தெரியவில்லை. காப்பி போட்டே பால் தீர்ந்துவிடுகிறது.

ஏப்ரல் 10

விசில் சன்னமாகிவிட்டது. கேட்பதற்காக மிக்ஸி போடுவதை விட்டுவிட்டேன். அம்மியில் அரைக்கிறேன். குழாயில் தண்ணீர் பிடிப்பதைக்கூட நிறுத்தி நிறுத்திப் பிடிக்கிறேன்.

ஏப்ரல் 12

நான் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். சுகந்தி போய் அப்பாவிடம் கோள் சொல்லியிருக்கிறாள். தட்டில் கை வைத்தால் விசில் நிற்கிற மாதிரி இருக்கும், எழுந்து ஓடுவேன், வந்து பார்த்தால் சோறு ஆறியிருக்கும். அவ்வளவுதான் விசயம்.

இவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே நிறுத்தி நிறுத்திப் பேசினார். "நடுவழியில எறங்கறவன் எறங்கிக்குவான். வண்டி போகோணும். நீ உண்கோணும்."

"யாரும் எங்கயும் எறங்கல. பேசாம படுங்க" என்று அதட்டினேன். அதட்டியிருக்க வேண்டாம்.

ஏப்ரல் 14

சித்திரைக் கனி. தட்டில் மாம்பழம், வாழைப்பழம், கண்ணாடி, வெற்றிலை பாக்கு வைத்துக் கண் முழித்ததும் காட்டினேன். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். தட்டைத் தள்ளவில்லை, என் முகம் தெரிகிற மாதிரி கண்ணாடியைத் திருப்பினார்.

ஏப்ரல் 17

மத்தியானம். சுகந்தி மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள். நஞ்சண்ணன் முன்னறையில் இவரோடு இருக்கிறார். காலையில் மூச்சு ரொம்பச் சிரமமாக இருந்தது, நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இப்போது அண்ணன்தான், "நீ போயி ஒரு வாய் உண்டுட்டு வா அம்மிணி, நான் பாத்துக்கறேன்" என்று விரட்டினார்.

தட்டில் சோறு போட்டு உட்கார்ந்தேன். விசில் வருகிறது. இன்று நன்றாக வருகிறது. அழுத்தமாக, நீளமாக. இத்தனை நாளில் இப்படி வந்ததில்லை. வால்பாறை வண்டியில் அடித்த மாதிரி வருகிறது. கடைசியில் அந்த இழுப்பு மட்டும் இல்லை. மூச்சு நன்றாக இருப்பதால் இருக்கும்.

பருப்பு ஊற்றிச் சாப்பிட்டேன். மறுபடி விசில். இதோ இதை எழுதும்போதும் ஒன்று. இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்ளப் போகிறேன், ரசத்துக்கு.

மே 4

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து ஒறம்பரையும் கிளம்பிவிட்டது. சுகந்தி அடுத்த வாரம் போவாள். அந்த நெபுலைசர் இன்னும் மேசைமேல் இருக்கிறது. கழுவி வைத்திருக்கிறேன்.

நஞ்சண்ணன் வந்தார். டூட்டியில் சேர்ந்துவிட்டாராம், புதுக் கண்டக்டர் சின்னப் பையனாம். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து மேசைமேல் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே, "அம்மிணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றார்.

"காப்பி குடிங்ணா முதல்ல."

"இல்ல, சொன்னாத்தான் எனக்குத் தொண்டையில எறங்கும். அன்னைக்கு மத்தியானம் விசிலடிச்சது மாப்ள இல்ல. நான்."

காப்பி டம்ளரை மேசைமேல் வைத்தேன்.

"அவனுக்கு வாயில வெக்கவே முடியல. நழுவிக் கீழ உழுந்திருச்சு. உன்னக் கூப்புடலாம்னு எந்திரிச்சேன், கையப் புடிச்சுட்டான். அந்தப் புடி எங்கிருந்து வந்துச்சோ. சமையக்கட்டக் காட்டறான், வாயில சோறு போடற மாதிரி காட்டறான், விசில எடுத்து என்ற கையில வெக்கறான். அவ உண்டு முடிக்கற வரைக்கும் நீ அடிடாங்கறான். வருசக்கணக்கா அவன் அடிச்சு நான் பின்னால வந்தேன். அந்த ஒரு நாளு நான் அடிச்சேன். அவன் கண்ணு நின்னதுக்கு அப்பறமும் ரெண்டு தடவ அடிச்சேன் அம்மிணி. நீ தட்டுல இருந்து எந்திரிக்கற சத்தம் கேக்கல, அதனால அடிச்சேன். உன்னய ஏமாத்திப் போட்டேன்."

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். மலையில் வண்டி ஓட்டுகிறவர், இப்படி அழுது நான் பார்த்ததில்லை. முதுகில் தட்டினேன். "நீங்க ஒண்ணும் ஏமாத்தலீங்ணா" என்றேன். அதற்கு மேல் அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

முதல் விசிலிலேயே எனக்குத் தெரியும். உடைந்த பல்லின் இழுப்பு இல்லாத விசில் என் புருசன் விசில் இல்லை. எழுந்து போயிருக்கலாம். போனால் பார்க்க வேண்டியிருக்கும். யார் ஊதினால் என்ன, விசில் கேட்கிற வரைக்கும் வண்டி நிற்க வேண்டியதில்லை, இவர் இருக்கிறார். அண்ணன் ஊதிக்கொண்டே இருந்தார், நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வயிறு நிறைந்த பிறகும் மோருக்கு ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.